நாலு மடிப்பு

இரவு எட்டேகால் மணி. ஹைதராபாத் பக்கம் லாலாகுடாவில் ரயில்வே ஒர்க்‌ஷாப் மதிலை ஒட்டி ஒரு ரோடு போகும். ஒரு பக்கம் மதில், இன்னொரு பக்கம் புளியமரங்கள். விளக்குக் கம்பம் மூன்றே மூன்று... அதில் இரண்டு எரியாது. அந்த ரோட்டில் ஒருவர் தனியாகச் சைக்கிள் மிதித்து வருகிறார். 1972, பிப்ரவரி மாதம், சனிக்கிழமை.

மெழுகுவர்த்தியை நடுவில் தள்ளி வையுங்கள். நம் ஏ.எஸ்.ராவ் நகரில் கரண்ட் போனால் பத்து மணிக்கு முன்னால் வராது, அதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். பகவதி, சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துக்கொள். கல்பகம், என் கையை விடு, நகம் குத்துகிறது.

சைக்கிளில் வருகிறவர் இராமச்சந்திரன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தாளே வேதா, அவளுடைய சித்தப்பா. காற்று இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து விட்டிருக்கிறார். வலது கையில் ஒரு மடிப்பு பிரிந்து இறங்குகிறது. தளர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைக்கிறார். இரண்டாவது மடிப்பு... மூன்றாவது... மெதுவாக, யாரோ இரண்டு விரலால் பிரிப்பது மாதிரி. நாலாவதும் இறங்கி மணிக்கட்டை மூடுகிறது. அப்புறம் ‘டக்’ என்று சின்னதாக ஒரு சத்தம். பித்தான் தானாக மாட்டிக்கொண்டது. ஈட்டி மரம் கடையும்போது இனிப்பும் காரமுமாக ஒரு வாசனை வரும். அது அந்த ரோடு முழுக்க அடிக்கிறது.

வீட்டு வாசலில் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினார் மனிதர். ஒரு சட்டைக் கை இறங்கினதற்கா இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அங்கே தொழிலாளிகளுக்கென்று ஒரு ஹாபி கிளப் இருந்தது. பெயர் வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஹாலில் பெஞ்சு போடுவார்கள். மேடையில் ஒரு லேத்து. எல்லாரும் பார்க்கப் பார்க்க மரம் கடைந்து காட்டுவார்கள். பம்பரம், குங்குமச் சிமிழ், தொட்டில் கால்... ஒரு கட்டை சுற்றிச் சுற்றிப் பம்பரமாக மாறுவதைப் பார்க்கக் காலனியே குடும்பத்தோடு வரும். டி.வி. எல்லாம் அப்போது ஏது?

கடைந்து காட்டுகிறவர் பெருமாள். வேலூர்ப் பக்கத்துக்காரர், ஒர்க்‌ஷாப்பில் லேத்தில் கடைசல் வேலை செய்யும் டர்னர். ஸ்விட்சைத் தொடுவதற்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்து நின்று சட்டைக் கையை மடிப்பார். வலது கைக்கு நாலு மடிப்பு, இடது கைக்கு நாலு மடிப்பு. பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு’ என்று கத்துவோம். அவர் மடிக்காமல் லேத்தைத் தொட்டதை ஒருத்தரும் பார்த்ததில்லை.

இராமச்சந்திரன் அந்தக் கிளப்புக்குச் செக்ரட்டரி. ஒர்க்‌ஷாப்பில் சார்ஜ்மேன், பெருமாளுக்கு மேலதிகாரி. அவருக்கும் கடைசல் தெரியும். ஆனால் அவர் மேடையேறினால் பெஞ்சு காலியாகிவிடும். அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு உண்டு என்பது காலனியில் எல்லாருக்கும் தெரியும்.

ஜனவரியில் ஆண்டு விழா. பெரிய அதிகாரிகள் குடும்பத்தோடு முன் வரிசையில். பெருமாள் ஈட்டிக் கட்டையில் பூச்சாடி கடைவதாக ஏற்பாடு. கட்டையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் செக்ரட்டரி. பெருமாள் கை மடித்தார். பிள்ளைகள் எண்ணினார்கள். விர்ர்ர்ர்... என்று லேத்து ஓடியது. சீவல் சுருள் சுருளாக விழுந்தது. திடீரென்று சிதறுதேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம். கட்டை இரண்டாகப் பிளந்துவிட்டது. ஒரு பாதி தரையில் உருண்டது. இன்னொரு பாதி பெருமாளின் தொண்டையில் பாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரி போவதற்குள் உயிர் போய்விட்டது.

விசாரணையில் இராமச்சந்திரன் இப்படி எழுதிக் கொடுத்தார்: ‘பெருமாள் சட்டைக் கையை மடித்து விடாமல் வேலை செய்தார். சட்டை சிக்கியதால் உளி பிசகிக் கட்டை உடைந்தது. அவருடைய அஜாக்கிரதையே காரணம்.’

ஹாலில் அன்றைக்கு அறுபது பேராவது இருந்திருப்பார்கள். அறுபது பேரும் அவர் கை மடித்ததைப் பார்த்தவர்கள். ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே. இல்லை. சார்ஜ்மேனைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனசு வரவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

‘அஜாக்கிரதை’ என்று எழுதிவிட்டதால் பெருமாளின் மனைவி தாயம்மாளுக்குக் கிடைக்க வேண்டிய வேலை கிடைக்கவில்லை. ஏப்ரல் முப்பதாம் தேதிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய் என்று நோட்டீஸ் வந்தது. இரண்டு பெண் குழந்தைகள். அவள் ஒரு துணிப் பையோடு இராமச்சந்திரன் வீட்டுக்கு வந்தாள். பையில் இருந்தது பெருமாள் செத்தபோது போட்டிருந்த நீலச் சட்டை.

“பாருங்கண்ணே. ஆஸ்பத்திரில குடுத்தது. மடிப்பு அப்டியே கெடக்கு.”

அவர் எதிரிலேயே ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துக் காட்டினாள். வெளியில் எல்லாம் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. மடிப்புக்குள்ளே துணி சுத்தமாக இருந்தது... துவைத்துக் காயப்போட்ட மாதிரி.

“ஒரு வரி மாத்தி எழுதிக் குடுங்கண்ணே. எம்புள்ளைங்களோட நான் எங்க போவேன்?”

“எழுதினது எழுதினதுதாம்மா. போ.”

தாயம்மாள் சட்டையை மறுபடி நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். “நான் கேட்டுட்டேன். இனிமே அவரு கேப்பாரு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறு சனிக்கிழமைதான் நான் முதலில் சொன்ன ரோடு.

அதற்குப் பிறகு அடிக்கடி நடந்தது. சாப்பிட உட்கார்ந்தால் கை இறங்கிச் சாம்பாரில் தோயும். ஒரு சனிக்கிழமை மேடையிலேயே நடந்தது. பெருமாள் போனதும் அந்த இடத்தை இவர் பிடித்துக்கொண்டார், அதுதானே ஆசை. லேத்து ஓடிக்கொண்டிருக்கிறது, கூட்டம் பார்க்கிறது... வலது கை ஒவ்வொரு மடிப்பாக இறங்குகிறது. முன் பெஞ்சில் ஒரு குழந்தை, “நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு” என்று தலைகீழாக எண்ணியது. அவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினார்.

அன்று ராத்திரி மனைவி பாமாவிடம் எல்லாச் சட்டையையும் எடுத்துப் போட்டார்.

“கையெல்லாம் வெட்டிடு.”

“நல்ல சட்டைங்க. கைக்கு வெட்டணும்?” அவள் ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள், ‘ஏன்’ என்பதற்கு அந்த ஊர் உருது மாதிரி ‘கைக்கு’ என்றுதான் சொல்லுவாள்.

“வெட்டுன்னா வெட்டு.”

பதினோரு சட்டை. பாமா உட்கார்ந்து எல்லாவற்றையும் அரைக்கையாக வெட்டித் தைத்தாள்.

உண்மையை ஒரு வரி எழுதியிருக்கலாம். அதை விட்டுவிட்டுச் சட்டையை வெட்டினார் பாருங்கள், அதுதான் அந்த மனிதர்.

அடுத்த சனிக்கிழமை வெள்ளை அரைக்கைச் சட்டையோடு தைரியமாக மேடையேறினார். பக்கத்தில் உதவிக்கு ஜேம்ஸ் என்று ஒரு ஃபிட்டர். ஜேம்ஸ் பிறகு கர்த்தர் மேல் ஆணையாகச் சொன்னது இது. லேத்து ஓட ஆரம்பித்தபோது வெறும் கைதான். மயிர்கூடத் தெரிந்தது. ஜேம்ஸ் குனிந்து உளியை எடுத்துக் கொடுக்கிறார்... நிமிர்கிறார்... அந்த வலது கையில் நீலத் துணி. மணிக்கட்டு வரை இறங்கியிருக்கிறது. பித்தான் போட்டிருக்கிறது. வெளியில் எல்லாம் காய்ந்த கறை. “சார்” என்று சொல்ல வாயெடுப்பதற்குள் துணியின் நுனியைக் கட்டை பிடித்துவிட்டது. சுற்றியது. அப்புறம் கேட்ட சத்தத்தை ஜேம்ஸ் யாரிடமும் சொன்னதில்லை.

முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. லேத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். நீலத் துணி ஒரு நூல்கூட இல்லை.

தாயம்மாள் ஆஸ்பத்திரிக்கும் வந்தாள். கட்டிலருகில் நின்றாள்.

“இப்பவாச்சும் எழுதிக் குடுங்கண்ணே. இன்னும் இருபது நாளுதான் இருக்கு.”

இராமச்சந்திரன் கட்டுப்போட்ட மொட்டைக் கையைத் தூக்கிக் காட்டினார். லேசாகச் சிரித்தாராம். “எதை வச்சும்மா எழுதச் சொல்றே?”

பாமா அங்கேதான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தது முதல் அவர் முகத்தைப் பார்க்கவே தனக்குப் பிடிக்கவில்லை என்று வேதாவிடம் சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்த பிறகு குறை தெரியாமல் இருக்க முழுக்கைச் சட்டை தைத்தார்கள். வலது கையை மேலே மடித்து ஊக்குக் குத்திவிடுவாள் பாமா. மூன்றாம் நாள் ராத்திரி அவளுக்கு விழிப்புத் தட்டியது. சர்க்... சர்க்... சர்க்... கரப்பான்பூச்சி காகிதத்தில் ஓடுகிற மாதிரி. கொஞ்சம் நிற்கும். மறுபடி சர்க்... சர்க்... விளக்கைப் போட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. காலையில் பார்த்தால் அவர் தூங்குகிறார். ஊக்கு கழன்று தலையணையில் கிடக்கிறது. வெறும் சட்டைக் கை முழுசாக இறங்கி, பித்தான் போட்டு, நீளமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. உட்புறம் எல்லாம் நீல மை. ஈரம்கூடக் காயவில்லை.

பாமா அந்தச் சட்டையைத் துவைத்துப் போட்டாள்.

ஒரு வாரத்தில் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். பாமா துணைக்குப் போனாள். அதிகாரி, தன் மேஜையில் கிடந்தது என்று ஒரு கடிதத்தை எடுத்து வாய்விட்டுப் படித்தார். ‘பெருமாள் அன்று நாலு மடிப்பு மடித்துத்தான் வேலை செய்தார். நான் எழுதியது பொய். கட்டையில் விரிசல் இருந்தது. எனக்குத் தெரியும். மெழுகும் மரத்தூளும் குழைத்து அடைத்து, மேலே பாலிஷ் போட்டுக் கொடுத்தேன். எல்லார் முன்னாலும் அவன் அவமானப்பட வேண்டும் என்று செய்தேன்.’ கீழே இராமச்சந்திரன் கையெழுத்து. ஏப்ரல் பதினாறாம் தேதி.

விரிசல் விஷயம் அவரைத் தவிர உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. பாமாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

“இது உங்க கையெழுத்துதானா?” என்று கேட்டார் அதிகாரி.

“எனக்குக் கையே இல்லையே சார்” என்றார் இவர்.

அதிகாரி பாமாவைப் பார்த்தார். அவள் அந்தக் கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தாள். பிறகு சொன்னாள்: “இவரு எழுத்துதான் சார். இவருதான் எழுதினாரு. ராத்திரி எழுதற சத்தத்த என் காதால கேட்டேன்.”

தாயம்மாளுக்கு வேலை கிடைத்தது. வீடும் தங்கியது. இராமச்சந்திரன் அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தார். அதை உயிரோடு இருந்தது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு ராத்திரியும் பாமாவே அவர் தலைமாட்டில் ஒரு தாளும் மூடி கழற்றிய பேனாவும் வைப்பாளாம். அவர் வேண்டாம் வேண்டாம் என்று அழுவாராம். அவள் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். காலையில் தாளை எடுத்துப் பெட்டியில் பூட்டிவிடுவாள். எண்பதில் செத்துப் போனார்.

போன மாதம் வேதா சித்தியைப் பார்க்கப் போயிருந்தாள். கட்டிலில் சித்தப்பாவின் வெள்ளைச் சட்டை விரித்துப் போட்டிருக்கிறது. பக்கத்தில் தாள். பேனா. வலது கை நுனி நீலமாக, சொதசொதவென்று... ஆறு வருஷம் ஆகிறது அவர் செத்து.

“என்ன சித்தி இது?”

“இன்னும் முடியலடி” என்றாளாம் பாமா. “அவரோடது எப்பவோ முடிஞ்சிடுச்சு. இப்ப அன்னிக்கி ஹாலில இருந்தவங்க பேரு. பாத்துட்டு சும்மா இருந்தவங்க. வரிசை வரிசையா வருது. ரெண்டாவது பெஞ்சு வந்திருக்கு.”

அந்தத் தாளில் கடைசியாக இருந்த பெயரை வேதா படித்திருக்கிறாள். நேற்று எனக்குப் போன் பண்ணிச் சொன்னாள்.

அதே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த என் அப்பாவிடம் இன்று சாயங்காலம் கேட்டேன். அந்த ஆண்டு விழாவுக்கு நீங்கள் போயிருந்தீர்களா என்றுதான் கேட்டேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து கை கழுவினார். அந்தக் கையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாள் கேட்டார்.

இப்போது கீழேதான் இருக்கிறார். கரண்ட் போனதும் மெழுகுவர்த்தி கொண்டுபோய் வைத்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அவ்வளவு வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். “நாளைக்கு எழுதலாமேப்பா” என்றேன்.

“கை இருக்கறப்பவே எழுதிடறேம்மா” என்றார்.