தண்ணிக் குளிசை

சுவாமி, எங்கட ஆக்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு, உங்களுக்கும் தெரியும்தானே. குளிசையைப் பங்கு போடுறது. ஒருத்திக்கு முழங்கால் நோ எண்டால் மற்றவ ஹான்ட்பாக்கைத் திறந்து, "இந்தா, டொக்டர் எனக்குத் தந்தது, ஒண்டைப் போட்டுப் பார்" எண்டு நீட்டுவா. பூசை முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கேக்கை பாருங்கோ, அரைவாசி மருந்துக்கடை அந்த மேசையிலைதான் கிடக்கும். அதிலை ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.

நான் வந்தது ஒரு பொய்ச் சத்தியத்துக்காக. மடு மாதா மேலை பண்ணினது. அதைச் சொல்லவேணுமெண்டால் முதல் என்ர மகனைப் பற்றிச் சொல்லவேணும். கோயில் வாசலிலை உங்களுக்குக் கை தந்தானே, அந்த உயரமான பெடியன், றொனிஷன். இப்ப வெளியிலை காருக்குள்ளை இருக்கிறான். கிரின்ஸ்டெட்டிலை இருந்து அவன் கொண்டுவந்து விடாட்டில் நான் எங்கை பாவசங்கீர்த்தனம் செய்யிறது?

அவன் ஹான்ட்போல் விளையாடினவன். பொழுதுபோக்குக்கு இல்லை, சம்பளத்துக்கு. ஏழு பேர் நிண்டு கையாலை பந்தெறிஞ்சு கோல் போடுற விளையாட்டு, ஒவ்வொருத்தனுக்கும் ஒரு இடம். எங்கட பெடியனுக்கு மட்டும் இடம் இல்லை. ஏனெண்டால் அவனுக்கு எல்லா இடமும் தெரியும். இடப்பக்க ஓரத்திலை நிக்கிறவனுக்குக் காய்ச்சல் எண்டால் றொனிஷன். வலப்பக்கத்தான்ர மனிசிக்குப் பிள்ளை பிறக்குது எண்டால் றொனிஷன். நடுவிலை நிண்டு விளையாட்டை நடத்திறவன் காலை முறிச்சால் அதுக்கும் இவன்தான். மற்ற நேரம் முழுக்கக் கரையிலை போட்ட வாங்கிலை குந்தியிருப்பான். பேப்பரிலை அவன்ர பேர் வந்தால், இன்னாருக்குப் பதிலா எண்டுதான் வரும். அது அவனுக்குப் பெரிய மனவருத்தம். எனக்கு இல்லை. வாங்கிலை இருக்கிற பிள்ளைக்கு அடி படாதெல்லோ.

வீட்டிலையும் அப்பிடித்தான். என்ர மனிசன் றொபேட் மாரடைப்பிலை போன பிறகு எல்லாம் அவன்தான். கொம்யூன் கந்தோரிலை இருந்து ஆர் போன் எடுத்தாலும் அவன் கதைப்பான். கடைக்கு அவன், ஆஸ்பத்திரிக்கு அவன், குசினிப் பைப் அடைச்சால் அவன். டென்மார்க்குக்கு வந்து இத்தனை வருசமாகியும் நான் டெனிஷ் படிக்கேல்லை, கார் ஓடவும் பழகேல்லை. அவன் இருக்கேக்கை ஏன் படிக்கவேணும், சொல்லுங்கோ? எங்கட பக்கம் பஸ் எண்டு ஒண்டு ஓடுது. வந்தால் வரும்.

பிறகு ஜேர்மனியிலை இருந்து ஒரு பெரிய கிளப் அவனைக் கேட்டுது. வாங்கிலை இருக்கிறதுக்கு இல்லை, நடுவிலை விளையாட. குசினிக்குள்ளை ஓடிவந்து என்னைத் தூக்கி ஒரு சுத்துச் சுத்தினான். "அம்மா, கடைசியா எனக்கெண்டு ஒரு இடம்" எண்டான். நான் சிரிச்சன். அப்ப நான் என்ன செய்யிறது எண்டு கேட்டதுக்கு, ரண்டர்ஸிலை சின்னம்மா இருக்கிறாதானே, அங்கை போய் இருங்கோ எண்டு சொல்லுறான். தங்கச்சி வீட்டு மூலையிலை வைக்கிறதுக்கு நான் என்ன சூட்கேசோ? எனக்கு வந்த கோவத்தை நான் வெளியிலை காட்டேல்லை.

எனக்குக் கால் வீக்கத்துக்கும் பிரஷருக்கும் ஒரு குளிசை தந்திருக்கினம். தண்ணிக் குளிசை எண்டு சொல்லுவம், உடம்பிலை இருக்கிற தண்ணியை மூத்திரமா வெளியேத்திவிடும். அதுக்கு முதல் வருசம் அவன்ர கணுக்கால் வீங்கியிருக்கேக்கை, பாவமெண்டு அதிலை ஒண்டை நீட்டினன். என்ர கையைத் தட்டிவிட்டான். "ஐயோ அம்மா, இது என்ர மூத்திரத்திலை கண்டால் என்ர விளையாட்டு முடிஞ்சுது. வேற ஊக்கமருந்தை மறைக்கப் போட்டவனெண்டு தடை போட்டிடுவினம்" எண்டு, பக்கத்திலை இருத்திவைச்சு வடிவா விளங்கப்படுத்தினான். நல்ல பிள்ளை, எதையும் எனக்குப் பொறுமையா விளங்கப்படுத்துவான்.

அதாலை, தெரியாமல் செய்தனெண்டு நான் சொல்லேல்லை.

அது தவக்காலம். ஒடியல் கூழ் எண்டால் அவனுக்கு உயிர். நண்டும் இறாலும் போட்டு, செத்தல் மிளகாயை அரைச்சு நல்ல உறைப்பாக் காச்சினால் அதுக்குள்ளை எந்தக் கைப்பும் தெரியாது. அவன்ர கோப்பையிலை மட்டும்தான் போட்டனான். எண்டைக்குப் பரிசோதனைக்கு வருவினமெண்டு விளையாடுற ஆக்களுக்கே தெரியாதாம். ஒரு நாள் போட்டு என்ன பிரயோசனம்? அதாலை நெடுகப் போட்டன். கூழ் இல்லாத நாளிலை ரசத்திலை. என்ர குளிசை அவனுக்குப் போக என்ர கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிச்சுது. அதை நான் தவக்கால ஒறுத்தலா ஏற்றுக்கொண்டன்.

அவனுக்குக் கால் நரம்பு இழுக்கத் தொடங்கிச்சுது. ஒரு மட்ச் நடக்கேக்கை அப்பிடியே சுருண்டு விழுந்திட்டான். வீட்டை வந்து நோவிலை அழுதவன், சுவாமி. நான் நல்லெண்ணெயைச் சூடாக்கி அவன் நித்திரையாகுமட்டும் காலை உருவிவிட்டன். தாயைத் தவிர ஆர் செய்வினம் இதை?

பிறகு போன் வந்தது. பரிசோதனையிலை அகப்பட்டிட்டுது. ஜேர்மன்காரர் அதோடை கையை விரிச்சிட்டினம். அவன் என்ர பக்கத்திலை வந்திருந்து மெதுவாக் கேட்டான். "அம்மா, கோவியாதேங்கோ. உங்கட குளிசை எப்பிடியாவது தவறி என்ர சாப்பாட்டிலை பட்டிருக்குமோ? அப்பிடியெண்டால் சொல்லுங்கோ. அம்மான்ர பிழை எண்டு நிரூபிச்சால் என்னைக் கனக்கத் தண்டிக்க மாட்டினம்."

ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். எங்கட ஆக்கள் குளிசையைப் பங்கு போடுற சீரைப் பாத்தால் ஆரும் நம்பியிருப்பினம். நான் சுவரிலை இருந்த மடு மாதாவின்ர படத்திலை கையை வைச்சு, சத்தியமா இல்லை ராசா எண்டன். அதுதான் நான் சொன்ன அந்தப் பாவம்.

அவன் என்னை நம்பினான். நம்பினபடியால் கூட விளையாடின நீக்கிலாஸிலை சந்தேகப்பட்டான். நீக்கிலாஸ் வெள்ளைக்காரப் பெடியன், இவனோடை சின்னனிலை இருந்து சிநேகிதம், என்ர கட்லட்டை ஆறு ஏழு எண்டு சாப்பிடுவான். அவன் கரைச்சுக் குடிக்கத் தந்த புரோட்டீன் மாவிலைதான் ஏதோ இருந்திருக்கு எண்டு இவன் விசாரணையிலை சொல்லிப்போட்டான். மாவைச் சோதிச்சால் ஒண்டும் இல்லை. அதோடை கிளப்பிலை ஒருத்தரும் இவனோடை முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. நீக்கிலாஸும் வாறேல்லை. அந்தப் பெடியனை நினைச்சால் எனக்கு உண்மையிலை கவலைதான்.

இரண்டு வருசம் தடை. இப்ப எங்கட ஊர் ஃபக்டரியிலை வேலை செய்யிறான். பின்னேரம் நேரத்துக்கு வருவான், நான் சாப்பாடு போடுவன், சாப்பிட்டிட்டு யன்னலாலை றோட்டைப் பாத்துக்கொண்டிருப்பான். ஒருநாள் சொன்னான், மறியலிலை அடைச்சு வைச்ச மாதிரி இருக்கு அம்மா எண்டு. மறியல் எண்டால் என்னெண்டு இந்தப் பெடியளுக்குத் தெரியுமோ? ஆளரவம் இல்லாத வீட்டிலை, பாஷை தெரியாமல், ஒருத்தி தனிய இருக்கிறதுதான் மறியல். நான் அவனைப் பூட்டி வைக்கேல்லை. கார்த் திறப்பும் அவனிட்டைத்தான் இருக்கு.

தடை இந்த மாசத்தோடை முடியுது. இண்டைக்கு வரேக்கை விசிலடிச்சுக்கொண்டு கார் ஓடினான். அவன்ர பழைய ட்ரெய்னர் கூப்பிட்டிருக்கிறாராம், இப்ப அவர் தூரத்திலை வேறொரு கிளப்பிலை. எல்லா இடமும் விளையாடுற ஒருத்தனை ஆர் வேண்டாம் எண்டுவினம்? இனியொருக்கா அகப்பட்டால் பிறகு வாழ்நாளுக்கும் விளையாடேலாதாம், அதாலை தலையிடிக்கு ஒரு பனடோல்கூடப் போடமாட்டன் எண்டான். அதையும் வடிவா விளங்கப்படுத்தினான்.

ஓம் சுவாமி, நீங்கள் சொல்லுறது விளங்குது. அவனிட்டை உண்மையைச் சொல்லச் சொல்லுறியள். சொன்னால் அவன் போயிடுவான். பெத்த தாயை வெறுத்த பாவமும் அவனுக்கு வந்து சேரும். அதுக்கு நான் காரணமா இருக்கலாமோ?

மற்றது, நீங்கள் இனித் தமிழ்ப் பூசைக்கு இந்தப் பக்கம் வாறது டிசம்பரிலை, நத்தாருக்குத்தானே. அவன்ர விளையாட்டு அதுக்கு முதலே தொடங்கிடும். அதாலை, குறை நினையாமல், இனிச் செய்யப்போறதுக்கும் சேர்த்து இண்டைக்கே மன்னிப்பைத் தந்துவிடுங்கோ.