இரண்டு சாக்கு எடைக்கல்

பனவடலிசத்திரத்தில் பஸ் ஏறிய கடைக்காரர் இரண்டு சாக்குகளை என் காலருகே பொத்தென்று வைத்தார். உள்ளே இரும்பு இடித்துக்கொண்டது. என் பக்கத்திலிருந்த மிளகாய் விவசாயி, ஒரு சம்சாரிக்கு, அவரைத் தெரிந்திருந்தது.

“மாமனார் கடைய இப்ப நீருதான பாக்கீரு, யாவாரம் எப்படி? இது என்ன வே மூட்டை?”

“எடைக்கல்லு அண்ணாச்சி. சங்கரன்கோவிலுக்கு, கல்லு சரியான்னு பாத்து முத்திரை போடுத ஆபீசர் வந்திருக்காராம். சீல் வாங்கணும்.”

“ஒரு கடைக்கு எதுக்கு ரெண்டு சாக்கு?”

“இது வாங்குத கல்லு, கொஞ்சம் கனம். அது விக்குத கல்லு, கொஞ்சம் லேசு. மாமா பிரிச்சுத்தான் வச்சிருந்தாவ. ரெண்டுக்கும் சீல் வேணும்லா?”

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. சம்சாரி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“அப்போ என் மிளகா வத்தல நிறுத்தது?”

“வாங்குத கல்லுலதான் அண்ணாச்சி.”

“பேரனுக்குக் காய்ச்சல் விட்டா கோயிலுக்கு அஞ்சு கிலோ வெல்லம்னு நேந்து, அதையும் உம்மகிட்டதான வே வாங்கிச் செலுத்தினேன்?”

“அது விக்குத கல்லுல.”

சம்சாரி பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“அதான் வே பிள்ளைக்கு நேத்து திரும்பவும் காய்ச்சல் அடிச்சிருக்கு!”