பினாயில் தொட்டி

ராத்திரி இரண்டாம் ஆட்டம் விட்டு, கடைசிக் கூட்டமும் ஊருக்குள் போய்ச் சேர்ந்த நேரம். ஆம்பூரிலிருந்து பேர்ணாம்பட்டுக்குப் போகிற ரோடு. இப்போது போல் வீடு ஏது, கடை ஏது... ஊர்க் கோடியில் இருந்த, தோல் பதனிடுகிற ஷாப்பைத் தாண்டினால் இரண்டு பக்கமும் கருவேல மரம், நடுவே வண்டித் தடம், அவ்வளவுதான். அந்த இருட்டில் ஒண்டியாக ஒரு சினிமாக் கொட்டகை.

அங்கே நடந்தது இது. நம் காசியின் மாமனாருக்கு ஒரு அண்ணன் இருந்தார். வேதாசலம். காசி இன்றைக்கு வரவில்லை, அதனால்தான் சொல்கிறேன். அவன் இருந்தால் இந்தப் பேச்சை எடுத்ததுமே எழுந்து போய்விடுவான். அந்த விளக்கைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள், காற்று அடிக்கிறது.

படம் பேச ஆரம்பிக்காத காலம். ஆம்பூர் அப்போது வீங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மழைக்கும் ஒரு தோல் ஷாப்பு முளைத்தது. இங்கே பதமான தோல் ரயிலேறி, கப்பலேறி, சீமைக்குப் போயிற்று. சுற்றுப்பட்டு கிராமத்து ஜனமெல்லாம் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தது. சனிக்கிழமை ஆனால் கையில் கூலி. அதை வைத்துக்கொண்டு போவதற்குக் கள்ளுக்கடையை விட்டால் வேறு இடமில்லை. இதைப் பார்த்துக்கொண்டிருந்தார் இஷ்தியாக் அகமது சாகிப். தோல் வியாபாரிதான். சின்ன வயசு, நிறைய ஆசை. ஒரு கொட்டகை கட்ட வேண்டும், பக்கத்தில் ராட்டினம் போட வேண்டும், குஸ்திக்கு ஒரு களம் வெட்ட வேண்டும், வேலூர்க்காரன்கூட வண்டி கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று அவருக்கு. அதற்காக மதராஸிலிருந்து வரவழைத்த மேனேஜர்தான் வேதாசலம்.

ரயிலைவிட்டு இறங்கும்போதே வேதாசலத்தின் மூக்கில் அத்தர் போட்ட கைக்குட்டை. அது கீழே இறங்கியதைப் பார்த்தவர்கள் குறைவு. சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை, பச்சைத் தோல் எல்லாம் கலந்த நாற்றம் இந்த ஊருக்குப் பிறவிக் குணம். அதை மோந்துதான் இந்த ஊர் சோறு தின்கிறது. வேதாசலத்துக்கு அது தாங்கவில்லை. நாற்றத்தைவிட, அதைத் தாங்குகிற ஜனத்தை அவரால் தாங்க முடியவில்லை.

அஸ்திவாரம் தோண்டுகிற அன்றைக்கே சாகிப்பிடம் சொன்னாராம்: "இதுங்களுக்கு எதக் காட்டினாலும் பாக்கும் சாகிப். ஒரு வெள்ளத் துணி, அதுல ஒரு குதிர ஓடினா போதும். வாயப் பொளந்துக்கினு உக்காந்துடும்."

சொன்னது பொய் இல்லை. கொட்டகை திறந்ததும் கூட்டம் அலைமோதியது. திரைக்கு முன்னால் மணல் கொட்டிய தரை, அது கூலி ஜனத்துக்கு. நடுவே இடுப்பளவு சுவர். சுவருக்குப் பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாற்காலி, அதெல்லாம் கனவான்களுக்கு. கனவான்கள் யார்? தோல் ஷாப்பு முதலாளிகள், தோல் தரகர்கள், தோலுக்குப் பட்டை விற்றவர்கள். தரையிலிருந்து நாற்றம் வருகிறது, குடும்பத்தோடு உட்கார முடியவில்லை என்று இவர்கள்தான் புகார் சொன்னார்கள். எந்த நாற்றத்தில் மாடி வீடு கட்டினார்களோ, அதே நாற்றம்.

வேதாசலத்துக்குக் கேட்கவா வேண்டும்? திரைப் பக்கத்தில் தரைக்காரர்களுக்கென்று ஒரு தனி வாசல் வைத்தார். அந்த வாசலுக்குக் குறுக்கே, தாண்ட முடியாத அகலத்துக்கு, செங்கல்லால் ஒரு தொட்டி கட்டி சிமெண்டு பூசினார். கணுக்கால் ஆழம். அது நிறைய பினாயில் தண்ணீர். தரை டிக்கெட் வாங்கினவன் அதில் இறங்கி நடந்துதான் உள்ளே வர வேண்டும். மாட்டைக் குளிப்பாட்டி ஓட்டுவார்களே, அந்த மாதிரி. ஆம்பளைகள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பெண்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி இறங்கினார்கள். அதைப் பார்ப்பதற்காகவே வேதாசலம் அந்த வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். கோயிலுக்குப் போனாலும் காலைக் கழுவிக்கொண்டுதானே போகிறோம் என்று ஒருத்தன் சொல்லிச் சிரித்தானாம். படம் பார்க்கிற ஆசை, என்ன செய்வது.

மரியம்மாள் என்று ஒருத்தி. சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலிலிருந்து மயிர் வழிக்கிற வேலை. அந்த வேலை செய்கிறவர்களுக்குக் கால் வெடித்து ரத்தம் கட்டி இருக்கும். அவள் தொட்டிக்கு முன்னால் நின்றாள். பின்னால் வரிசை தேங்கிவிட்டது.

காலில் புண் இருக்கிறது, எரியும், ஓரமாகப் போகிறேன் என்று கேட்டாள். புண்ணுக்கும் இது நல்லதுதான், இறங்கு என்றார் வேதாசலம்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க ஒருவாட்டி எறங்கிக் காட்டுங்கய்யா. அப்புறம் நான் எறங்கறேன்."

"நான் எதுக்கு எறங்கணும்? நானா நாறறேன்?"

மரியம்மாள் இறங்கினாள். முகம் கோணவில்லை. உள்ளே போய்ப் படத்தை முழுசாகப் பார்த்தாள். அப்புறம் அந்தக் கொட்டகைப் பக்கம் அவள் வரவே இல்லை. ஒன்று சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் அவள் சாபம்தான் காரணம் என்று ஊரில் பேசினார்கள். இல்லை. அவள் யாரையும் சபிக்கவில்லை. ரொம்ப நாள் நன்றாக இருந்து, பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஐப்பசி மாசம். தூறல். இரண்டாம் ஆட்டம் விட்டாயிற்று. ஆயில் எஞ்சினை நிறுத்தியதும் அந்த டுப் டுப் சத்தம் போய் ஒரு அமைதி வரும் பாருங்கள்... காது வலிக்கிற மாதிரி. மாடி அறையில் மிஷின் ஓட்டுகிற அமீர் பாஷா படச் சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தான். கீழே வேதாசலம் ஒவ்வொரு கதவாகப் பூட்டிக்கொண்டு வந்தார்.

சளப்...

நின்று கேட்டார்.

சளப்... சளப்... சளப்...

தொட்டியில் யாரோ நடக்கிறார்கள். ஓசியில் படுக்கலாம் என்று தரைக்கூட்டம் திரும்பி வருகிறது என்று நினைத்தார். கை லாந்தரை எடுத்துக்கொண்டு, வாயில் வந்ததைத் திட்டிக்கொண்டு, திரைப் பக்கத்து வாசலுக்குப் போனார். கதவு உள்ளே தாழ் போட்டபடி இருந்தது. திறந்தார். வெளியே தூறல், கருவேல மரம், வேறு யாரும் இல்லை. தொட்டித் தண்ணீர் மட்டும் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் அலைந்துகொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் குழிந்தது. ஒரு கால் வைத்தால் குழியுமே, அப்படி. எடுத்தது. அடுத்த கால்...

லாந்தரைத் திருப்பினார். வாசலுக்கு உட்பக்கம் மணலில் ஈரக் கால்தடம். ஒன்று இரண்டு இல்லை, ஒரு கூட்டமே நடந்த தடம். தரையில் எங்கேயும் அது உட்காரவில்லை. நேராக இடுப்புச் சுவர் வரைக்கும் போயிற்று. சுவர் மேல் ஈரம். சுவருக்கு அந்தப் பக்கம்... பெஞ்சுகள் ஒவ்வொன்றாக முனகின. கனமான ஆள் உட்கார்ந்தால் பலகை முனகுமே, அந்தச் சத்தம். முன் வரிசை, அடுத்த வரிசை, அதற்கும் பின்னால் நாற்காலிகள். பிறகு அடங்கிவிட்டது.

வேதாசலம் கண்ணுக்குக் காலிப் பெஞ்சுதான் தெரிந்தது.

அப்போது மேலே அமீர் பாஷா ஓட்டை வழியாகக் குரல் கொடுத்தான்.

"மேனேஜர் சாப், ஆட்டம் முடிஞ்சிபோச்சே. இன்னாத்துக்கு இத்தினி பேர வுட்டீங்க?"

யாரடா, எங்கேடா என்று கேட்டது அவருக்கே கேட்கவில்லை.

"பெஞ்சு பூரா குந்திக்கினு இருக்காங்களே..." என்றவன் நிறுத்திவிட்டான். பிறகு வந்த குரல் அவனுடையது மாதிரியே இல்லை. சின்னதாக இருந்தது.

"சாப்... அல்லாரும் மூக்கப் பொத்திக்கினு இருக்காங்க. உங்களப் பாத்து."

வேதாசலம் நின்றிருந்த இடம் திரைக்கு முன்னால். அத்தனை பெஞ்சும் அவரைப் பார்த்துத்தான் போட்டிருந்தது.

லாந்தரைப் போட்டுவிட்டு ஓடினார். கிட்டத்தில் இருந்தது தரைக்காரர்களின் வாசல்தான். இருட்டில் தொட்டியில் கால் வைத்தார். கணுக்கால் ஆழம் என்று சொன்னேன் அல்லவா? கால் தரை தட்டவில்லை. முழங்கால் போயிற்று, இடுப்பு போயிற்று. தண்ணீர் கொழகொழவென்று வெதுவெதுப்பாக இருந்தது, பினாயில் வாசனையே இல்லை என்று பிறகு தம்பியிடம் சொன்னாராம். அமீர் பாஷா அலறிக்கொண்டு வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடி வந்து பார்த்தபோது அவர் தொட்டியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கணுக்கால் அளவுதான். ஆனால் கோட்டு கழுத்து வரைக்கும் நனைந்திருந்தது. அவரைத் தூக்கி வெளியே போட்டான் பாஷா. போட்டுவிட்டு, நாலடி விலகி நின்று, தோள் துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான். விடியற்கால ரயிலில் மதராஸ் போனவன் திரும்பவே இல்லை.

வீட்டுக்குப் போனார் வேதாசலம். கதவைத் திறந்த மனைவி அமிர்தவள்ளி உள்ளே விடவில்லை. கிணற்றடிக்குப் போங்கள், எதை மிதித்தீர்கள் என்று கேட்டாள். குளித்தார். சீயக்காய், சந்தன சோப்பு, வேப்பிலை, எல்லாம் ஆயிற்று. அவருக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை. அவளுக்குக் குமட்டியது.

அன்றிலிருந்து அதுதான். வண்டிக்காரன் ஏற்றிக்கொள்ள மாட்டான். சாகிப் வராந்தாவை விட்டு இறங்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவார். பெஞ்சுக் கனவான்கள் வேதாசலத்தைக் கண்டால் வந்த வழியே போனார்கள். அவர்கள் போகட்டும், அவர்களுக்கு ரோஜாப் பூவே நாறும். தரை டிக்கெட்டுக்கு வந்த ஜனம், நாள் பூராவும் அழுகல் தோலோடு புரள்கிற ஜனம், அவர் வாசலில் உட்கார்ந்தால் வரிசையை விட்டுக் கலைந்து ஓடியது. ஒரு பையன் வாந்தியே எடுத்துவிட்டான். வேதாசலம் நம்பவில்லை. எல்லாரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள், இதுகளுக்கு அவ்வளவு திமிர் என்றார். கடப்பாரையை எடுத்துத் தொட்டியைத் தானே உடைத்தார். ஒன்றும் மாறவில்லை. வேலூரில் ஒரு டாக்டரிடம் காட்டினார். அவர் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துவிட்டு, தூர நின்றபடியே, உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார். சாகிப் வேறு மேனேஜரை வைத்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு நாள் பட்டப்பகலில் தோல் ஷாப்புக்கே போனார் வேதாசலம். மரியம்மாள் குழி ஓரத்தில் தோல் வழித்துக்கொண்டிருந்தாள். சுற்றி இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

"நீ இன்னா பண்ணியோ, அத எடுத்துடு" என்றார். கேட்கிற குரல் இல்லை அது, உத்தரவுதான். கடைசி வரைக்கும் அவருக்கு வேறு மாதிரி பேச வரவில்லை.

மரியம்மாள் எழுந்தாள். இரண்டு எட்டு பின்னால் போனாள். முந்தானை தானாக மூக்குக்குப் போயிற்று. பழிக்குப் பழி இல்லை, பாவம், அவளால் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"நான் ஒண்ணும் பண்ணலீங்கய்யா."

"பின்ன இன்னா நாத்தம் இது? ஒனக்குத் தெரியாத நாத்தமா?"

"எங்க ஷாப்பு நாத்தம் இல்லீங்க இது" என்றாள். "செத்ததுகூட இப்பிடி நாறாது. எனக்குத் தெரியலீங்கய்யா... போயிடுங்க."

போய்விட்டார். ஊருக்கு வெளியே ஒரு ஓட்டு வீடு. அமிர்தவள்ளி விட்டுப் போகவில்லை. வாசல் நடையில் படுத்துக்கொள்வாள், சோற்றைக் கூடத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவாள். தூரத்தில் சாகிப்பின் ராட்டினம் சுற்றுவதும், ஜனம் கூவுவதும் கேட்கும். அந்த வீட்டிலும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார் வேதாசலம். ஊர் நாறுகிறதாம்.

மார்கழியில் ஒரு விடியற்காலம், தூக்கத்திலேயே போய்விட்டார். அமிர்தவள்ளி கதவைத் திறந்தபோது வீட்டில் துளி நாற்றம் இல்லை. அதனால்தான் நாலு பேராவது வந்தார்கள். குளிப்பாட்டுவதற்கு மட்டும் யாரும் கிட்டே போகவில்லை. தம்பிதான் செய்தார். அதுதான் காசியின் மாமனார். அண்ணன் வேலையில் இருந்தபோது அவர் சிபாரிசில், சாகிப்பின் கிடங்கில் தோலைத் தரம் பிரிக்கிற வேலையில் சேர்ந்தவர். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே தரம் சொல்வார் என்று அவருக்குப் பேர்.

தலையில் முதல் குடம் தண்ணீரை ஊற்றித் தேய்த்தார். முடி கையோடு வந்துவிட்டது. ஒரு கொத்து இல்லை, முழுசும். புருவம் வந்தது. மீசை வந்தது. மாரைத் துடைத்தால் மாரில் இருந்தது வந்தது. உடம்பு வெள்ளை வெளேரென்று வழவழவென்று இருந்தது. சுண்ணாம்பில் ஊறின தோல் அப்படித்தான் இருக்கும். காதுக்குப் பின்னால் தோல் ஓரம் கொஞ்சம் பிரிந்திருந்தது. அதை அமுக்கி ஒட்டப் பார்த்தார்.

ஒட்டவில்லை. சுருண்டு அவர் விரல் நடுவே வந்து நின்றது. பழக்க தோஷம், கட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டார்.

முதல் தரம்.