ஜப்பான் பாட்டும் ஒரு வெள்ளி நாகமும்

— திருப்பிக் கேக்கிறன். உம்மடை கணவர் ஓய்வான நேரத்திலை என்ன பாட்டுக் கேக்கிறவர்?

— அமெரிக்கப் பாட்டு.

— நிலாந்தினி.

— சரி, சரி. ஜப்பான் பாட்டு. வாய் தவறி வந்திட்டுது.

— வியாழக்கிழமை கொழும்பு எம்பசியிலை கேள்வி கேக்கிற அந்த வெள்ளைக்காரியிட்டையும் வாய் தவறி வந்திட்டுது எண்டு சொல்லப் போறீரோ? போன முறை இந்த ஒரு பதிலாலைதான் விசா இல்லை எண்டவள். பதினாலு மாசம் போச்சு. நான் அங்கை லோயருக்குப் பின்னாலை திரிஞ்சு, வேலையிலை கெஞ்சி லீவு எடுத்து, பத்து நாளுக்கெண்டு ஓடி வந்திருக்கிறன். உம்மைப் பழக்கிறதுக்குத்தான். விளங்குதோ?

— விளங்குது. ஆனா பன்னிரண்டு வரியமா அமெரிக்காவிலை இருக்கிற மனிசன் அமெரிக்கப் பாட்டுக் கேப்பார் எண்டு சொன்னது அவ்வளவு பெரிய பிழையோ? எங்கடை ஊர் இறுப்பிட்டியிலை ஆரைக் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுவினம்.

— இறுப்பிட்டிச் சனம் என்ரை பெண்சாதி இல்லை. நீர்தான் பெண்சாதி. என்ரை அறைச் சுவர் முழுக்க அந்த ஜப்பான் பாட்டுக்காரப் பெட்டையள் ஏழு பேரின்ரை படம். அந்த அறையைப் படம் எடுத்து விசா பைலோடை சேத்து அனுப்பினது நான்தான். அவள் அதை முன்னாலை வைச்சுக்கொண்டு கேக்கிறாள், நீர் அமெரிக்கப் பாட்டு எண்டுறீர். அவள் என்ன நினைப்பாள்? இதுகள் பேப்பரிலை மட்டும்தான் புருசன் பெண்சாதி எண்டுதானே?

— பன்னிரண்டு நாள்தானே ஒண்டா இருந்தனாங்கள்.

— போனிலை எவ்வளவு கதைச்சிருப்பம்?

— கதைச்சது நீங்கள். நான் ஓம் போட்டனான்.

— இஞ்சை பாரும், இந்த முறையும் இல்லை எண்டா அதோடை சரி. அக்கா சொல்லிப்போட்டா, கலியாணத்தைக் குலைச்சுப்போட்டு வேறை பாப்பம் எண்டு. நான்தான் மறிச்சு வைச்சிருக்கிறன். இதுவும் விளங்குதோ?

— அதுவும் விளங்குது.

— பிறகேன் சிரிக்கிறீர்?

— சிரிக்கேல்லை. காத்துக்குக் கண் கூசுது.

— சிவகுரு அண்ணை, எப்ப வெளிக்கிடும் உங்கடை போட்?

— நயினாதீவுக்கு இன்னும் பத்துப் பேராவது சேர வேணும், ஜெயரூபன் தம்பி. வெள்ளிக்கிழமை எண்டா இதுக்குள்ளை நிரம்பியிருக்கும். இண்டைக்குத் திங்கள். யாழ்ப்பாணத்து பஸ் வரட்டும், பாப்பம். என்ன, பாட்டுக்கோ சண்டை பிடிக்கிறியள்?

— சண்டை இல்லை அண்ணை. அமெரிக்கப் பாட்டு நல்லமோ ஜப்பான் பாட்டு நல்லமோ எண்டு ஒரு கதை.

— உதிலை என்ன கதை, பிள்ளை? ஜப்பான்தான். இந்த எஞ்சினைப் பார். ஜப்பான். பதினெட்டு வரியம் உப்புத்தண்ணியிலை கிடக்குது, ஒரு நாள் என்னை நடுக்கடலிலை விட்டதில்லை. பாட்டும் அப்பிடித்தான் இருக்கும். அமெரிக்கா எண்டா சத்தம் பெரிசா இருக்கும், எண்ணெயைக் குடிக்கும்.

— கேட்டீரோ? அண்ணைக்கு விளங்குது.

— அண்ணை, நீங்கள் ஜப்பான் பாட்டுக் கேட்டிருக்கிறியளோ?

— இல்லைப் பிள்ளை. அமெரிக்கப் பாட்டும் கேட்டதில்லை. ஆக்களைத் தெரிஞ்சாக் காணும்தானே. நீங்கள் கதையுங்கோ, நான் பெடியளிட்டை எண்ணெய் வாங்கிக்கொண்டு வாறன்.

— அடுத்த கேள்வி. உம்மடை கணவருக்கு ஏன் ஜப்பான் பாட்டுப் பிடிக்கும்?

— அப்பிடியும் கேப்பினமோ?

— லோயர் சொன்னவர், துருவித் துருவிக் கேப்பினம் எண்டு. சொல்லும், நான் சொல்லித் தந்ததை.

— அமெரிக்கப் பாட்டுக்காரியளுக்கு ஒழுங்கில்லை. பாதி உடுப்பு, வாயிலை தூசணம். விட்டிட்டுப் போன பெடியனை மேடையிலை ஏறி நிண்டு திட்டுவினம். எல்லாம் நான், நான், நான். ஜப்பான் பிள்ளையள் அப்பிடி இல்லை. ஒரே உடுப்பு, ஒரே சிரிப்பு, ஒரே நேரத்திலை கை தூக்குவினம். முடிய எல்லாரும் வரிசையா நிண்டு குனிஞ்சு கும்பிடுவினம். சரியோ?

— சரி. ஆனா பாடமாக்கின மாதிரிச் சொல்லாதையும்.

— பாடமாக்கினதுதானே. ஏழு பேர் எண்டோ ஆறு பேர் எண்டோ சொல்லிறது? அந்தக் கட்டைத் தலைமயிர்ப் பிள்ளை விலகிட்டாதானே.

— உமக்கு ஆர் சொன்னது?

— நீங்கள்தான் சொல்லியிருப்பியள்.

— நானோ? இருக்கும். சரி, ஆறு எண்டே சொல்லும். அதுசரி, மடியிலை உதென்ன பொட்டலம்? காலமையிலை இருந்து கையை விட்டு இறக்கேல்லை.

— நயினாதீவு அம்மாளுக்கு. வெள்ளியிலை ஒரு நாகம். நேர்த்திக்கடன்.

— விசாவுக்கோ?

— ஓம், விசா விசயமாத்தான்.

— விசா இன்னும் வரேல்லையே. வர முதலே கொண்டுபோய்க் குடுக்கிறதோ? சிவகுரு அண்ணை, எண்ணெயோடை வந்திட்டியளோ? உங்கடை பக்கம் அப்பிடியோ வழக்கம்?

— இல்லைத் தம்பி. கேட்டது பலிச்சாப் பிறகுதான் நாகம் சாத்திறது. முதலே குடுத்தா அது நேர்த்தி இல்லை, அம்மாளுக்குக் குடுக்கிற லஞ்சம்.

— கேட்டீரோ? இண்டைக்குச் சும்மா கும்பிட்டிட்டு வருவம். உதை வீட்டை கொண்டுபோய் வையும்.

— வெளிக்கிட்டதைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. நீங்கள் கேள்வியைக் கேளுங்கோ.

— இனிக் கேள்வி இல்லை. உம்மடை முகத்தைப் பாத்தா எனக்குக் கேள்வி மறந்து போகுது.

— அப்ப நான் கேக்கிறன். உண்மையா ஒழுங்குக்காகத்தானோ அந்தப் பாட்டுகளைக் கேக்கிறியள்?

— ஏன்?

— சும்மா. பாடமாக்கினதைச் சொல்லாதையுங்கோ.

— நான் ஒரு வீட்டின்ரை நிலக்கீழ் அறையிலை இருக்கிறன். காலமை கடையிலை சாமானுகள் அடுக்கிற வேலை, பின்னேரம் பெற்றோல் செட். அறைக்கு வந்து தமிழ்ப் பாட்டுப் போட்டா ஊர் வந்து நிக்கும், சோறு இறங்காது. இங்கிலீஸ் பாட்டுப் போட்டா முதலாளி கத்திறது மாதிரி இருக்கும், கடையிலையும் நாள் முழுக்க அதுதானே ஓடுது. ஜப்பான் பாட்டிலை ஒரு சொல்லும் விளங்காது. ஒண்டும் விளங்காமை ஒரு குரல் கிட்ட இருந்தா நல்லாயிருக்கும். அவ்வளவுதான்.

— இதை ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?

— உதுகளை என்னெண்டு சொல்லிறது?

— இதைச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

— இப்பதான் சொல்லிட்டனே. அதோடை ஒழுங்கும் உண்மைதான். முதல் முதல் அக்கா உம்மடை படத்தை அனுப்பேக்கை நான் அதைத்தான் நினைச்சனான். தலையைக் குனிஞ்சு, கையை ஒடுக்கி வைச்சுக்கொண்டு, அந்த ஏழு பேரிலை ஒராள் மாதிரி. அங்கை பிறந்து வளந்த பெட்டையளையும் பேசி வந்தது. நான்தான் வேண்டாம் எண்டனான். அதுகள் அமெரிக்கப் பாட்டு.

— நான் ஜப்பான் பாட்டு.

— ஓம். நல்லதுக்குத்தான் சொல்லிறன்.

— படத்திலை குனிஞ்சு நிண்டது வெயில் கண்ணிலை குத்தினதாலை. தம்பிதான் எடுத்தவன், மூண்டு தரம் பேசினனான், நிழலுக்கு வா எண்டு.

— உம்மோடை கதைக்கேலாது.

— சரி, ஒரு கேள்வி. உங்கடை மனுசிக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்?

— என்னை ஆர் உதைக் கேக்கப் போகினம்?

— நான் கேக்கிறன்.

— கோயில் பாட்டு. பழைய சினிமாப் பாட்டு.

— அவ சொன்னவவோ?

— சொல்ல வேணுமே? தீவுப் பிள்ளையள் வேறை என்னத்தைக் கேக்கிறது?

— பிழை. விசா இல்லை.

— பகிடி விடாதையும், எனக்கு விசர் வருது.

— நான் அமெரிக்கப் பாட்டுத்தான் கேக்கிறனான். முன்பள்ளியிலை படிப்பிச்சிட்டுச் சைக்கிளிலை வரேக்கை, ஒரு காதிலை மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு. நீங்கள் சொல்லிற மாதிரி எல்லாரும் தூசணம் பாடுறேல்லை. ஒருத்தி தன்ரை ஊர்ச் சந்தியிலை இருக்கிற பெற்றோல் செட்டைப் பற்றிப் பாடுறாள். ஒருத்தி தாயோடை கோவம் போட்டதைப் பாடுறாள். நான், நான் எண்டுதான் பாடுறாளவை. எங்கடை வீட்டிலை நான் எண்ட சொல்லை நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதாலை பிடிக்கும்.

— அட, அப்பிடியோ விசயம். அண்டைக்கு உம்மடை விருப்பத்தை என்ரை எண்டு மாத்திச் சொல்லிட்டீர். பதட்டத்திலை வாறதுதான். இதை முதலே சொல்லியிருந்தா நான் ஏன் ஏசப் போறன்?

— நான் பதட்டப்படேல்லை.

— எல்லாரும் பதட்டப்படுவினம், நிலாந்தினி.

— அந்த இன்டர்வியூவுக்கு முதல் நாள் நீங்கள் போன் எடுத்தனீங்கள், ஞாபகமோ? கதைச்சு முடிய கட் பண்ண மறந்திட்டியள். பக்கத்திலை உங்கடை கூட்டாளி வசீகரன் அண்ணை இருந்தவர்.

— அதுக்கு?

— அவர் கேட்டவர், பெட்டை எப்பிடி மச்சான் எண்டு.

— நான் என்ன சொன்னனான்?

— தீவுப்பெட்டை மச்சான், தலையிடி இல்லை. கையைத் தூக்கு எண்டாத் தூக்கும், குனி எண்டாக் குனியும். அப்பிடிச் சொன்னனீங்கள். பிறகு ரெண்டு பேரும் சிரிச்சனீங்கள். பின்னுக்குப் பாட்டும் போய்க்கொண்டு இருந்தது.

— அது பெடியளுக்குள்ளை சும்மா கதைக்கிறது. அதைப் போய் இவ்வளவு நாளும் மனசுக்குள்ளை வைச்சிருந்தனீரோ?

— நானும் சும்மாதான் கேட்டுக்கொண்டு இருந்தனான்.

— நான் உம்மைக் குறைவாச் சொல்லேல்லை. சத்தியமா.

— தெரியும். நல்லதுக்குத்தான் சொன்னனீங்கள்.

— தம்பி, பஸ் வந்திட்டுது. ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி இருங்கோ, ஒரு பக்கமா ஏறினா போட் சரியும். பிள்ளை, நீ நடுவுக்கு வா.

— இஞ்சை பாரும், ஆக்கள் ஏற முதல் கடைசியா ஒருக்காக் கேக்கிறன். கோவத்தை விட்டிட்டுச் சொல்லும். எனக்காக. உம்மடை கணவர் என்ன பாட்டுக் கேக்கிறவர்?

— ஜப்பான் பாட்டு. ஏழு பேராத் துவங்கி இப்ப ஆறு பேர். சோறு வடிக்கேக்கை அதிலை ஒரு பாட்டை முணுமுணுப்பார், மூண்டாவது அடியிலை எப்பவும் பிழை விடுவார். அது அடக்கமான பாட்டெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறார். நான் போனிலை போட்டு மொழிபெயர்த்துப் பாத்தனான். ஒரு பெட்டை வீட்டுச் சாவியை மேசையிலை வைச்சிட்டு விடியக்காலமை முதல் ரெயினிலை ஏறிப் போறாள். கடைசியிலை எல்லாரும் ஒரே நேரத்திலை கை தூக்கிறது கும்பிட இல்லை. போயிட்டு வாறன் எண்டு கை காட்டுகினம்.

— இவ்வளவும் எப்ப பாடமாக்கினனீர்?

— கலியாணம் முடிஞ்சு நீங்கள் போன முதல் மாசம். நீங்கள் கதைக்கேக்கை பின்னுக்குப் பாட்டுப் போகும். உங்களை அறியிறதுக்கு எனக்கு அது ஒண்டுதான் இருந்தது.

— முதல் மாசமோ? அப்ப அந்த வெள்ளைக்காரி கேக்கேக்கை உமக்கு...

— காலை உள்ளுக்கு எடுங்கோ தம்பி, கயிறு அவிழ்க்கப் போறன். பிள்ளை, அந்தப் பொட்டலத்தை நனையாமைப் பிடி. அதுசரி, கேக்கிறன் எண்டு குறை நினையாதை. விசா இன்னும் வரேல்லை எண்டுறார் இவர். அப்ப என்ன பலிச்சிட்டுதெண்டு நாகம் கொண்டுபோறாய்?

— போன முறை விசா கிடைக்கக் கூடாதெண்டு வைச்ச நேர்த்தி, அண்ணை.