இரண்டு பேருக்கும் ஒரே இருமல்

அவைக்குத் தலைமை ஏற்று, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே. அறிவை அள்ளி அள்ளிக் கொடுத்தும் சம்பள நாளில் மட்டும் கிள்ளிக் கிள்ளிப் பெறும் ஆசிரியப் பெருமக்களே. முன்வரிசையை முறையோடு நிறைத்திருக்கும் மூத்தோர்களே. வேலை முடிந்து வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே. பின்சுவரில் சாய்ந்து, எந்நேரமும் நழுவிவிடத் தயாராக நிற்கும் தந்தைமார்களே. பேச்சு முடிந்தால் பிஸ்கட் தருவார்கள் என்ற ஒரே நம்பிக்கையில் பொறுமை காக்கும் பிள்ளைச் செல்வங்களே. அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

மைக் செட்காரரே, கொஞ்சம் சத்தத்தைக் குறையுங்கள். இன்று நான் சொல்லவேண்டியதைச் சத்தமாகச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

என்னை வாழ்த்திப் பேச அழைத்தார்கள். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் வாசிக்கிறார்கள் என்று மதிப்பீட்டில் வந்திருக்கிறது. அதைப் பெற்றோர் கூட்டம் ஏற்று, கைதட்டி, தீர்மானம் போடவேண்டும். நான் நிருபர். எழுத்தை விற்றுச் சோறு தின்பவன். ஆகவே என்னைவிடப் பொருத்தமான ஆள் யார் என்று நினைத்திருப்பார்கள். நினைத்தது தவறில்லை. அழைத்ததுதான் தவறு. ஏனென்றால் இந்தப் பள்ளியின் கடைசி பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க இடிக்க, ஒரு கட்டுரைக்காக இந்த ஆண்டு பல வாரங்கள் நான் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணால் கண்டதை எப்படி மறப்பேன்? காதால் கேட்டதை எப்படி மறுப்பேன்?

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அவளுடைய அம்மாவிடம் அனுமதி கேட்டேன். "பேரச் சொல்லாதீங்க சார். நான் பாக்குற வேலையச் சொல்லாதீங்க. மத்தத சொல்லுங்க, எனக்கென்ன" என்றார். அதனால் அவளைச் சின்னவள் என்று சொல்லிக்கொள்கிறேன். யார் என்று வகுப்புக்குத் தெரியும். வகுப்பு சொல்லாது. பத்திரிகைக்காரனைவிடப் பிள்ளைகள் ரகசியம் காப்பவர்கள்.

சின்னவளின் கையெழுத்தைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கரும்பலகையில் இருப்பது அப்படியே தாளில் இறங்கும். வளைவு வளைவாக, வரிசை வரிசையாக, கோலம் போட்டதுபோல. நான் ஒரு வரியைத் தொட்டுக் கேட்டேன்: "இது என்னம்மா எழுதியிருக்க?"

"நான்தான் சார் எழுதுனேன்."

"தெரியும்மா. என்னன்னு எழுதியிருக்க?"

"அது டீச்சருக்குத்தான் தெரியும்."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகு சிரிப்பு வரவில்லை.

அவள் ஏழாம் வகுப்பு. சின்ன வகுப்பில் எழுத்து சொல்லிக்கொடுத்தபோது அவளுக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதா என்று ஒருவரும் நின்று பார்க்கவில்லை. மேல் வகுப்புக்கு வந்தாள். மேல் வகுப்புப் புத்தகம் என்ன நினைக்கிறது? இந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டே முதல் பக்கத்தைத் திறக்கிறது. அறிவியல் அப்படித்தான் நினைக்கிறது. வரலாறு அப்படித்தான் நினைக்கிறது. கணக்குப் புத்தகம்கூட நான்கு வரிக் கதை சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்கிறது. எழுத்து தெரியாத பிள்ளை எந்தக் கதவைத் தட்டும்? கீழ் வகுப்பு, "நீ வளர்ந்துவிட்டாய், போ" என்கிறது. மேல் வகுப்பு, "நீ தெரிந்துகொண்டு வந்திருக்கவேண்டும், போ" என்கிறது. எங்கே போவாள்?

இந்தப் பள்ளியில் அவள் போக ஓர் இடம் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மாடிப்படிக்குக் கீழே, உடைந்த நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஒரு டீச்சர் நடத்திய வாசிப்பு வகுப்பு. அவர் பாடப் புத்தகத்தைத் தொடமாட்டார். "இன்னைக்குக் காலைல என்ன நடந்துச்சு, சொல்லு" என்பார். பிள்ளை சொல்வதை, சொன்னபடியே, பெரிய எழுத்தில் அட்டையில் எழுதுவார். பிறகு அந்த வரியைச் சொல் சொல்லாக நறுக்கிக் கலைத்துப் போடுவார். தான் சொன்னதைத் தானே அடுக்கித் தானே வாசிக்கவேண்டும்.

சின்னவள் சொன்ன முதல் வரி: "எங்கம்மா என் மேல தண்ணி ஊத்தி எழுப்பினாங்க." அதை அடுக்கும்போது ஒருநாள் தவறிப்போய் "எங்கம்மா மேல என் தண்ணி ஊத்தி எழுப்பினாங்க" என்று, அம்மாவின் மேலேயே தண்ணீர் விழும்படி வைத்துவிட்டாள். விரல் வைத்து, எழுத்தெழுத்தாக முனகி, கடைசிச் சொல்லுக்கு வந்து நின்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ டீச்சர், அம்மா அடிப்பாங்க" என்றாள். ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல், தன் தவறைத் தானே வாசித்துச் சிரித்தாள். அரசியல் பார்த்திருக்கிறேன், அணிவகுப்பு பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு ஈடாக ஒரு செய்தியை நான் எழுதியதில்லை.

அப்போதுதான் மதிப்பீடு வந்தது.

ஒருவரும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. பெஞ்சுகள் மட்டும் நகர்ந்தன. வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பக்கத்தில் வாசிக்கத் தெரியாத பிள்ளை. மதிப்பீட்டாளர் வந்து "இரண்டு இரண்டு பேராக வாசியுங்கள்" என்பார் என்று எல்லாருக்கும் தெரியும். நேரம் மிச்சமாகும் என்று வழக்கமாக அப்படித்தான் கேட்பார்கள். தெரிந்தவள் அரை மூச்சு முன்னால் வாசிப்பாள்; தெரியாதவள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவாள். இதற்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் "தொத்திக்கிறது". ஓடுகிற பஸ்ஸில் தொற்றிக்கொள்வதுபோல. பழகிய காதுக்கே வித்தியாசம் தெரியாது. அத்தனை திறமை, அத்தனை கூர்மை, அத்தனை உழைப்பு. எல்லாம் படிக்காமல் இருப்பதற்கு.

சின்னவளும் அவள் தோழியும் எழுந்தார்கள். கணீரென்று வாசித்தார்கள். பாதிப் பக்கத்தில், ஒரு சொல்லின் நடுவில், தோழிக்கு இருமல் வந்தது. நின்றாள். சின்னவளும் அதே அரைச்சொல்லில் நின்றாள். தோழி இருமினாள். என்ன செய்வதென்று தெரியாமல் சின்னவளும் இருமினாள்.

மதிப்பீட்டாளர் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, ரெண்டு பேருக்கும் ஒரே இருமலா?" என்றார்.

"ஆமா சார். ஒரே தண்ணி குடிச்சோம்" என்றாள் தோழி.

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். அவருக்குத் தெரியவில்லை என்றா நினைக்கிறீர்கள்? பேனா ஒரு நொடி நின்றது, நான் பார்த்தேன். பிறகு இருவருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். அவருக்கு வாங்கி வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு தோழியிடம் கேட்டேன், ஏன் இப்படி என்று. "விட்டுட்டா அவ மட்டும் தனியா நிப்பா சார். பாவம் இல்லையா?" என்றாள். பாவம் பார்த்தவள் அவள் ஒருத்தியா? பெஞ்சை நகர்த்திய ஆசிரியரும் பாவம் பார்த்தார். மதிப்பெண் போட்டவரும் பாவம் பார்த்தார். எல்லாரும் பாவம் பார்த்துப் பார்த்தே ஒரு பிள்ளையை இருட்டில் விட்டோம்.

விளைவு என்ன? எல்லாரும் வாசிக்கிறார்கள். எல்லாரும் வாசித்தால் வாசிப்பு வகுப்பு எதற்கு? மூடிவிட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே உடைந்த நாற்காலிகள் திரும்ப வந்துவிட்டன. தீர்மானம் நிறைவேறியதும் அந்த டீச்சரை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள்.

முன்வரிசையில் ஐயா ஏதோ சொல்கிறார். "எம் பையன் நல்லாத்தான் படிக்கிறான்" என்கிறார். மகிழ்ச்சி ஐயா. படிக்கட்டும். அவன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

தலைமையாசிரியரிடம் பேசினேன். நல்ல மனிதர். "எல்லாரும் வாசிக்கலன்னு நான் எழுதுனா, பள்ளிக்கூடமே மோசம்னு ஆயிடும். வர்ற புள்ளைங்களும் வராது" என்றார். பொய் சொல்லவில்லை அவர். விதியையும் அவர்தான் எடுத்துக் காட்டினார். கூட்டத்தில் பெற்றோர் ஒருவர், ஒரே ஒருவர், எழுந்து "என் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது" என்று சொன்னால் போதும். தீர்மானம் நின்றுபோகும். மறுமதிப்பீடு நடக்கும். அதுவரை வாசிப்பு வகுப்பும் திரும்ப நடக்கும், டீச்சரும் இருப்பார்.

அதனால்தான் சின்னவளின் அம்மாவைப் பார்க்கப் போனேன்.

"அவளுக்கு வராதுன்னு எனக்குத் தெரியும் சார்" என்றார். "எனக்கும்தான் வராது. பஸ்ஸோட கலரப் பாத்துத்தான் ஏறுறேன்."

"கலர மாத்திட்டா?"

"யாரையாவது கேப்பேன். சொல்லாமலா போயிடுவாங்க? ஆனா சொல்றதுக்கு முன்னாடி ஒரு பார்வ பாப்பாங்க சார். மேலேருந்து கீழ வரைக்கும். அது எம்பொண்ணுக்கு வேணாம்."

"அப்ப கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லுங்கம்மா."

அவர் என்னைப் பார்த்தார். "அத்தன பேரும் ஒண்ணா அந்தப் பார்வையப் பாப்பாங்களே சார்" என்றார்.

வாதம் செய்து வாழ்க்கை நடத்துகிறவன் நான். அந்த வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அவையோரே, வெட்கம் யாருக்கு வரவேண்டும்? கற்காத பிள்ளைக்கா, கற்றதாக எழுதிய கைக்கா? தெரியாது என்பவளுக்கா, தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பவர்களுக்கா? எட்டாம் வகுப்பு முடிந்து இந்த வாசலைத் தாண்டினால் அவளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க உலகத்தில் ஒருவரும் காத்திருக்கவில்லை. மருந்துச் சீட்டு காத்திருக்கிறது. வாடகைப் பத்திரம் காத்திருக்கிறது. கையெழுத்துப் போடு என்று நீட்டுகிற காகிதங்கள் வரிசையில் காத்திருக்கின்றன. அங்கேயெல்லாம் தொற்றிக்கொள்ள அவளுக்குத் தோழி கிடைப்பாளா?

கேட்டுவிடுகிறேன். தாய்மார்களே, தந்தைமார்களே, "என் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது." நான்கே சொற்கள். ஒருவர் எழுந்து சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

தலைவர் மணியைத் தொடுகிறார். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் ஐயா.

ஒருவரும் எழவில்லை. நான் நிருபர், கண்டதைச் சொல்கிறேன். எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள்.

அங்கே யார்? நடுவரிசையில், ஒரு சிறுமி. எழுந்து நில் அம்மா, பயப்படாதே. அவள் சொல்வது மைக்குக்கு எட்டவில்லை, நான் திருப்பிச் சொல்கிறேன். "எனக்கு வாசிக்கத் தெரியாது" என்கிறாள்.

தலைவர் சொல்வதையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோர்தான் சொல்லவேண்டுமாம், பிள்ளை சொன்னால் கணக்கில் வராதாம். விதி அப்படித்தான் இருக்கிறது. நானும் பார்த்தேன்.

பக்கத்தில் இருக்கும் அம்மா, அவள் கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

உட்கார்ந்துவிட்டாள்.

தீர்மானம் நிறைவேறும். கைதட்டலும் இருக்கும்; நம் கைகளுக்கு அது நன்றாகப் பழகியிருக்கிறது. கேட்டமைக்கு அவைக்கு நன்றி, பொறுத்தமைக்குத் தலைவருக்கு நன்றி. கடைசியாக அந்த மகளுக்கு ஒரு சொல். இந்த அரங்கில், யாருடைய குரலுக்குப் பின்னாலும் போகாமல், ஒரு வாக்கியத்தைத் தனியாக, முழுதாகச் சொன்னவள் நீ ஒருத்திதான் அம்மா. உனக்கு என் வணக்கம்.