பூஜையில் வைத்த பூட்டு

இரவு இரண்டு மணி. சேவூரிலிருந்து கண்ணமங்கலம் போகிற ரோடு... இரண்டு பக்கமும் நெல் வயல். கடை இல்லை, வீடு இல்லை. சாயங்காலம் பெய்த மழையில் தவளைகள் மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருக்கின்றன. அந்த ரோட்டில் ஒரு வெள்ளை வேன் போகிறது. கண்ணாடியில் சந்தனம், குங்குமம். முன்பக்கம் இரண்டு வாழைக்கன்று. சாமந்தி மாலை காற்றில் ஆடி ஆடிக் கண்ணாடியில் அடிக்கிறது. பூஜை போட்ட வண்டி. ஓட்டுகிறவன் அதைத் திருடிக்கொண்டு போகிறான்.

லாவண்யா, முதலில் நம் வண்டிக் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு வா. பத்தடி தூரத்தில்தானே நிற்கிறது என்கிறாய். அந்த வண்டியும் வீட்டு வாசலில் பத்தடி தூரத்தில்தான் நின்றது. போ. மலையில் குளிர் ஏறிவிட்டது, மற்றவர்கள் நெருங்கி உட்காருங்கள். இதைச் சொல்லும்போது எனக்குப் பயம் வருவதில்லை. ஆத்திரம்தான் வருகிறது.

என் தோழி சாவித்திரி வீட்டில் நடந்தது இது. அவளுடைய சித்தப்பா சந்திரமோகன் ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரி. எந்த ஊரில் கைத்தறிக் கண்காட்சி போட்டாலும் அவரும் சித்தி தெய்வநாயகியும் போய்விடுவார்கள். மூட்டை மூட்டையாகப் பட்டுப்புடவை வைத்துக்கொண்டு எந்த லாட்ஜில் நிம்மதியாகத் தூங்குவது? அதனால் ஒரு பழைய வேனை வாங்கி வீடாகவே மாற்றிவிட்டார்கள். உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, புடவைக்கு அலமாரி, ஜன்னலுக்குத் திரை. மாதத்தில் பாதி நாள் அதில்தான் சமையல், அதில்தான் தூக்கம். பிள்ளைகள் இல்லை. இரண்டு பேருக்கும் அந்த வண்டிதான் குடித்தனம்.

தெய்வநாயகிக்கு அந்த வண்டி மேல் உயிர். "வூட்ல திருட வர்றவன் வூட்டையே தூக்கிகினு போவ முடியாது. இத ஓட்டிகினே பூடுவான்" என்பாள். ஸ்டீயரிங்குக்குக் குறுக்கே மாட்டுகிற இரும்புப் பூட்டு வாங்கினாள். சக்கரத்துக்கு ஒரு பூட்டு. வண்டி எங்கே இருக்கிறது என்று போனில் காட்டுகிற ஜிபிஎஸ் பெட்டி. போதாது என்று மெக்கானிக்கைப் பிடித்துக் கட்டிலுக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைக்கச் சொன்னாள். அதை அணைத்துவிட்டால் சாவியே போட்டாலும் இஞ்சின் பிடிக்காது. அந்த மெக்கானிக்கை விட்டால் சுவிட்ச் விஷயம் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

ராத்திரி வண்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பாள். பின்கதவைப் பூட்டுவாள்... டக். பிறகு உள்ளங்கையால் கதவில் ஒரு அடி... பட். சமையல் ஜன்னல்... டக், பட். பக்கக் கதவு... டக், பட். முன்கதவு இரண்டும் அப்படியே. அடித்துப் பார்த்தால்தான் அவளுக்கு நம்பிக்கை. கடைசியில் உள்ளே வந்து சுவிட்சை அணைத்துவிட்டுப் படுப்பாள்.

சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? பூட்டுக்காரி. சந்தேகப் புத்தி, கல்யாணத்துக்கு வந்தாலும் வண்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று பேச்சு. அந்தக் கும்பலில் முதல் ஆள் திருமலை. சாவித்திரியின் கூடப்பிறந்த அண்ணன். நாலு பேர் கூடினால் போதும், நாக்கால் டக் என்பான், தொடையில் பட் என்று தட்டுவான். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். சந்திரமோகனும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு வயிற்றெரிச்சல் அதுதான். பொறுப்பாக இருக்கிறவளைக் கட்டியவனே சேர்ந்து கேலி செய்தால் அவள் எங்கே போவாள்? அவள் மூக்கால் ஒரு பெருமூச்சு மட்டும் விடுவாள்.

போன வருஷம் அவளுக்கு நெஞ்சு வலி வந்தது. அதே வேனில் படுக்க வைத்து, வேலூர் ஆஸ்பத்திரிக்கு இவர்தான் ஓட்டிக்கொண்டு போனார். கண்ணமங்கலத்துக்கு முன்னால் ஒரு வளைவு. அங்கே போகும்போது பின்னாலிருந்து அவள் கேட்டாளாம். "என்னாங்க... வூட்ட பூட்னீங்களா?" இவர் பூட்டினேன் என்றார். பதில் இல்லை. வண்டியை நிறுத்தி, சீட்டுக்குப் பின்னால் தொங்கும் திரையை விலக்கிப் பார்த்தார். முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குள் படுக்கவில்லை. வேனை வாசலில் நிறுத்தி, அவள் படுத்த கட்டிலில்தான் படுப்பார். அவள் தேய்த்துக்கொள்ளும் தலைவலித் தைலத்தின் வாசனை தலையணையில் போகவே இல்லையாம். "எனக்கு இது ஒண்ணு மட்டும் இருந்தா போதும் சாவித்திரி" என்பார். வண்டியை விற்கச் சொன்னவர்களோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

ஆயுத பூஜை வந்தது. உங்களுக்குத் தெரியும், தறிக்காரர்கள் வீட்டில் அது சின்னப் பூஜை இல்லை. தறியைக் கழுவிப் பொட்டு வைப்பார்கள். தறியில் ஓடுகிற நாடா, கத்தரிக்கோல், தராசு எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்குவார்கள். அடுக்கினதை மறுநாள் காலையில் இன்னொரு பூஜை முடிகிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. வேனுக்கும் பூஜை. எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்ற வேண்டும் என்று சந்திரமோகன் பூட்டுகளை எடுத்து, சுவிட்சைப் போட்டு, வண்டியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுப் பூட்டுகளைத் திரும்ப மாட்டினார். அப்போதுதான் திருமலை வந்தான், கையில் ஸ்பேனரோடு.

"சித்தப்பா, இந்தப் பூட்டும் இரும்புதான? வருசம் பூரா காவல் காத்துகினு கெடக்குது. ஒரு நாளு சாமிகிட்ட இருக்கட்டும்."

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். ஸ்டீயரிங் பூட்டைக் கழற்றினான். சக்கரப் பூட்டைக் கழற்றினான். ஜிபிஎஸ் பெட்டியின் ஒயரைப் பிடுங்கி அதையும் கழற்றினான். எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் பூசி, பொரிக்கும் கடலைக்கும் நடுவில் வரிசையாக வைத்தான். வண்டிச் சாவியும் அங்கேதான். காவலுக்கு இருந்ததை எல்லாம் கழற்றி சாமிக்கு முன்னால் படுக்க வைத்துவிட்டு, காப்பாற்று என்று சாமியைக் கும்பிட்டார்கள். ஒருத்தருக்காவது உறைத்ததா? பூஜை போட்ட வண்டியில் அன்றைக்குப் படுக்கக்கூடாது என்று சித்தப்பாவை வீட்டுக்குள் அனுப்பியவனும் அவன்தான். பூஜையறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு அவர் போய்ப் படுத்தார். சுவிட்ச் போட்டது போட்டபடியே இருந்தது.

திருமலையிடம் வண்டிக்குக் கள்ளச் சாவி இருந்தது. வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு எடுத்துப் போனபோது செய்தது. வேலூருக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் காத்திருந்தான், வண்டிகளைப் பிரித்து விற்கிறவன். ஏன்டா இப்படிச் செய்தாய் என்று பிறகு சாவித்திரி கேட்டாள். அவன் சொன்னான், "செத்துப்போனவ வண்டி. சும்மாதான நின்னுகினு இருந்திச்சி."

சரி... ரோட்டுக்கு வருகிறேன். இதையெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவனே தங்கச்சியிடம் சொன்னதுதான்.

ஊர் விளக்குகள் மறைந்தன. வண்டிக்குள் கற்பூரமும் சாமந்தியும் மணத்துக்கொண்டிருந்தன. கொஞ்ச தூரம் போனதும் அந்த மணம் குறைந்தது... வேறொன்று வந்தது. தைலம். கண்ணை எரிக்கிற மாதிரி, அப்போதுதான் யாரோ பாட்டிலைத் திறந்து நெற்றியில் தேய்த்த மாதிரி. தலையணையில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கண்ணாடியை இறக்கினான்.

பின்னால்... டக்.

ஏதோ பாத்திரம் உருளுகிறது என்று நினைத்தான்.

பட்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை தடவை அதே மாதிரி செய்து காட்டியிருக்கிறான். ஆக்சிலேட்டரை அழுத்தினான். வண்டி பறக்கிறது. சமையல் ஜன்னல் தானாக நகர்ந்து மூடியது... டக். பட். பக்கக் கதவு... டக். பட். அப்போதுதான் அவனுக்கு ஒன்று புரிந்தது. அந்த அடி வண்டிக்கு உள்ளேயிருந்து விழவில்லை. வெளியிலிருந்து விழுகிறது. அவ்வளவு வேகத்தில் ஓடுகிற வண்டியை யாரோ நிதானமாக நடந்து சுற்றி வருகிறார்கள்.

இடது பக்க முன்கதவு. பூட்டு இறங்குவதைக் கண்ணால் பார்த்தான்... பட். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. ஹெட்லைட் வெளிச்சத்தை யாரும் தாண்டிப் போகவில்லை. ஆனால் வாழைக்கன்று ஒரு பக்கமாக ஒதுங்கி, திரும்ப நிமிர்ந்தது. இறக்கியிருந்த கண்ணாடி அவன் தோளுக்குப் பக்கத்தில் மெதுவாக ஏறியது. டக்.

பட். அந்த அடி அவன் விலா எலும்பில் விழுந்தது.

அப்புறம் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. யாரோ குனிகிற சத்தம், வளையல் சத்தம். இஞ்சின் நின்றது. வண்டி கொஞ்ச தூரம் உருண்டுபோய்... அதே வளைவில் நின்றது. தவளைச் சத்தம் ஒன்றுகூட இல்லை. திரைக்குப் பின்னால் மூச்சு மட்டும். மூக்கால் விடுகிற மூச்சு. பொறுத்துப் பொறுத்து இனிமேல் பொறுக்க முடியாது என்று இருப்பவள் விடுகிற மூச்சு.

"சித்தி" என்றானாம். "சித்தி... நான் திருமல சித்தி."

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கைகளின் மேல் கனமாக ஏதோ வந்து இறங்கியது. இரும்பு. ஜில்லென்று. அதிலிருந்து சந்தன வாசனை வந்தது.

விடிந்ததும் பால்காரர் ஒருவர்தான் பார்த்தார். எல்லாக் கதவும் உள்பக்கம் பூட்டியிருந்தது. கண்ணாடியை உடைத்துத்தான் அவனை எடுத்தார்கள். ஸ்டீயரிங்குக்குக் குறுக்கே அந்தப் பூட்டு... அதற்கு அடியில் அவனுடைய இரண்டு கையும். பூசிய சந்தனம் காயவே இல்லை. வீட்டில் சந்திரமோகன் இடுப்புச் சாவியை எடுத்துப் பூஜையறையைத் திறந்தார். பொரிக்கும் கடலைக்கும் நடுவில் அந்தப் பூட்டு வைத்த இடம் மட்டும் காலி.

திருமலைக்கு அதற்குப் பிறகு விரல்கள் மடங்கவில்லை. எனக்குக் கொஞ்சமும் இரக்கம் இல்லை. முறைக்காதீர்கள், இல்லை என்றால் இல்லை.

வேன் திரும்பி வந்துவிட்டது. ஒரு குண்டூசிகூடப் போகவில்லை. சந்திரமோகன் அதைத் தொட்டுத் தொட்டு அழுதாராம். புதுக் கண்ணாடி போட்டு, ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் பூட்டு மாட்டி, ஜிபிஎஸ் பெட்டியைத் திரும்ப முடுக்கி, ராத்திரி படுக்கப் போனார். சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை. பின்கதவுக்குப் போனார்... திறக்கவில்லை. சாவித்திரியைக் கூப்பிட்டார். அவள் சும்மா விரலை வைத்தாள், திறந்துகொண்டது. அவர் கால் வைக்கப் போனார். முகத்துக்கு நேராகச் சாத்திக்கொண்டது.

மெக்கானிக்குக்குத் திறக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் திறக்கிறது. அவர் ஒருவருக்கு மட்டும் இல்லை. "கழட்டுனது தப்புதான்டி, நாயகி... சிரிச்சதும் தப்புதான்டி" என்று கதவில் நெற்றியை வைத்துச் சொல்லிப் பார்த்துவிட்டார். இப்போது தினமும் அதன் பக்கத்தில் தரையில் பாய் போட்டுப் படுக்கிறார், மழை வந்தாலும்.

போன வாரம் அவருக்குக் குளிர் காய்ச்சல். போர்வை எடுக்கலாம் என்று சாவித்திரி வேனுக்குள் போனாளாம். உள்ளே கட்டில் விரித்துத் தயாராக இருந்தது. ஒரு ஆள் படுத்து அப்போதுதான் எழுந்த மாதிரி பள்ளம். கை வைத்துப் பார்த்தாள்... சூடு. அவருடைய தலையணை மட்டும் கட்டிலில் இல்லை. கதவோரம், படிக்கட்டில் கிடந்தது. அவள் எடுத்துத் தட்டிப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, போர்வையோடு இறங்கித் திரும்பிப் பார்த்தாள்.

தலையணை மறுபடியும் படிக்கட்டில் கிடந்தது.