பீலிக்குப் போன குழாய்

நான் பியர் குடிப்பதில்லை, ஐயா. வாயில் ஊற்றிக் கொஞ்சம் வைத்திருப்பேன், பிறகு துப்பிவிடுவேன். காய்ச்சுகிறவனே குடிக்க மாட்டானா என்று கேட்டுச் சிரிப்பார்கள். பேக்கரிக்காரனுக்குப் பாணில் ஆசை இல்லாத மாதிரித்தான் இதுவும். நாள் முழுக்க அந்த மணத்திலேயே நிற்கிறவனுக்கு ஆசை எங்கிருந்து வரும்?

தேநீர் கொடுத்ததற்கு நன்றி. களைப்பாக இருந்தது. இது நகரசபைக் குழாய்த் தண்ணீர், குளோரின் கொஞ்சம் தூக்கல், மற்றபடி குறை இல்லை. என்ன செய்வது, எனக்கு முதலில் தண்ணீர்தான் நாக்கில் படும். ஆட்கள் பியர் என்றால் பார்லியைப் பற்றிப் பேசுவார்கள். போத்தலில் இருப்பதில் பெரும்பங்கு தண்ணீர். அது கெட்டால் அரசனே வந்து காய்ச்சினாலும் பியர் வராது.

நான் வத்தேகமவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். தோட்டத்துக்குக் கீழே அந்தச் சின்ன பியர்த் தொழிற்சாலையைத் திறந்தபோது போத்தல் கழுவப் போனேன். கழுவுகிற இடத்திலிருந்து காய்ச்சுகிற இடத்துக்கு வர பாதி ஆயுள் போயிற்று. முதலாளி கொழும்பில் இருக்கிறார். மாதம் ஒரு தடவை வந்து ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, "சின்னமுத்து, நல்லா இருக்கு" என்று முதுகில் தட்டுவார். அவரை இதில் இழுக்க வேண்டாம். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது. அது என் வேலை.

நீங்கள் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஆரம்பம் மழை பெய்யாததுதான்.

எங்கள் குழாய்க்கிணறு வற்றிக்கொண்டு வந்தது. கம்பனிக்காரர் சிலர் லொறியில் இயந்திரம் கொண்டுவந்தார்கள். கிணற்றின் வாயை இறுக்கி அடைத்துவிட்டு, பெரிய அழுத்தத்தில் தண்ணீரை உள்ளே செலுத்தினார்கள். அடியில் பாறை விரிசல் விடும், விரிசல் வழியாகப் புதுத் தண்ணீர் வரும் என்றார்கள். வெளிநாடுகளில் எரிவாயு எடுக்கவும் இப்படித்தான் பாறையைப் பிளக்கிறார்களாம். மத்தியானம் காலுக்கடியில் ஒரு முனகல் கேட்டது. பின்னேரம் கிணறு நிறைய ஆரம்பித்தது. முதலாளி தொலைபேசியில் சிரித்தார். நானும் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லக் கூடாது.

பாறைக்கு எங்கள் பக்கம், அடுத்தவன் பக்கம் என்று தெரியாது. மலை ஊற்றுத் தண்ணீர் வந்து விழுகிற பீலி, லயத்து ஆட்கள் தலைமுறையாகக் குடித்தது, கொஞ்ச நாளில் சொட்டுச் சொட்டாகி நின்றுபோனது. அந்த ஊற்று எங்கள் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. அதோடு வேறொன்றும் இறங்கியது. மேல் சரிவில் ஒரு கோழிப் பண்ணை இருக்கிறது. அவர்கள் எச்சத்தை ஒரு பெரிய குழியில் வருடக்கணக்காகக் கொட்டி வந்தார்கள்.

அதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, ஈஸ்ட். ஈஸ்ட் ஒரு உயிர், ஐயா. பால் உறைக்கு மோர் எடுத்து வைக்கிற மாதிரி, ஒரு காய்ச்சலில் இருந்து அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைத்து, அந்த ஈஸ்டை நான்தான் வளர்த்து வந்தேன். அது சோர்ந்து போனது. இரண்டு தாங்கி பியர் பாதியில் புளிக்காமல் நின்றுவிட்டது. தாங்கியில் காதை வைத்துக் கேட்டால் நுரைக்கிற சத்தம் இல்லை. நான் சாப்பிடவில்லை. பிள்ளைக்குச் சுகமில்லாத வீட்டில் இருக்கிற மாதிரி இருந்தது.

தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தோம். நைத்திரேற்று என்கிற உப்பு ஏறிக் கிடக்கிறது என்றார்கள். நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. பரிசோதித்தவர் தொலைபேசியில் விளக்கினார். "பெரிய ஆக்களுக்கு ஒண்ணும் செய்யாது. பச்சப் பிள்ளைகளுக்குத்தான் கூடாது, ரத்தத்தையே கெடுத்துப்போடும். பச்சப் பிள்ளை பியர் குடிக்கிறதில்லையே" என்றார். நான் சிரித்தேன். பகிடி என்று அவர் சொன்னதற்குச் சிரித்துத்தானே ஆக வேண்டும்.

பிறகு ஆர்.ஓ. மெஷின் வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், அனுராதபுரப் பக்கம் சிறுநீரக நோய்க்குப் பயந்து ஊர் ஊராக வைத்திருக்கிறார்களே, அதுதான். அதில் தண்ணீர் ஒரு பக்கம் போகும், இரண்டு குழாயில் வெளியே வரும். ஒரு குழாயில் சுத்தமான தண்ணீர். மற்றக் குழாயில் அந்தத் தண்ணீரிலிருந்து விலக்கிய எல்லாம் சேர்ந்த கழிவுத் தண்ணீர். பார்க்க இரண்டும் ஒன்றுதான். கண்ணாடி மாதிரித் தெளிவு.

சுத்தத் தண்ணீரில் காய்ச்சினேன். ஈஸ்ட் மூன்றாவது காய்ச்சலில் எழுந்து வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கழிவுத் தண்ணீர் வடிகால் கானில் போனது. கீழே வயல்காரர் சண்டைக்கு வந்தார்கள். பயிருக்கு உப்புத் தட்டுகிறதாம். அதை எங்கே விடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த கிழமையில்தான் தோட்டத் தலைவர் இராமையா அண்ணன் நாலு பேரோடு தொழிற்சாலை கேட்டுக்கு வந்தார்.

"தம்பி, பீலி வத்திப் போச்சு. பொம்பளைங்க ரோட்டு வரைக்கும் எறங்கித் தண்ணி தூக்குறாங்க. ஒங்க மெஷின்லருந்து ஒரு தண்ணி சும்மா கான்ல ஓடுதே, அத எங்க பக்கம் திருப்பி விடக் கூடாதா? ஆர்.ஓ. தண்ணின்னா காசு குடுத்து வாங்குறாங்களாமே."

மெஷினிலிருந்து வெளியே வருகிற தண்ணீர் எல்லாம் மெஷின் சுத்தம் செய்த தண்ணீர் என்று அவர் நினைத்தார். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். நான் திருத்தவில்லை. திருத்தினால் எங்கள் கிணற்றில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டி வரும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. கோழி எச்சத் தண்ணீரில் பியர் என்று கண்டி முழுக்கப் போய்விடும். தொழிற்சாலையில் லயத்துப் பொடியன்கள் எத்தனை பேர் வேலை செய்தார்கள் தெரியுமா? அவர்கள் வயிற்றையும் நான் பார்க்க வேண்டும். நல்ல குழாயைத் திருப்பி விடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல தண்ணீர் பியருக்கு மட்டும்தான் காணும், மிச்சம் வராது.

"விடலாம் அண்ணே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். குடியுங்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவர்களே குழாய் வாங்கி, அவர்களே மண் வெட்டி, பழைய பீலிக்குக் கொண்டுபோனார்கள். புதுத் தண்ணீர் வந்தால் எங்கள் ஆட்கள் சும்மா விட மாட்டார்கள். பீலிக் கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சூடம் கொளுத்திப் பொங்கல் வைத்தார்கள். முதல் குடம் மாரியம்மனுக்கு. இரண்டாவது செம்பை என் கையில் தந்தார்கள். கழுத்தில் மாலை வேறு. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குடித்தேன். பெரிய ஆளுக்கு அது ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து அதற்குச் சின்னமுத்து பீலி என்றே பெயர்.

தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பாலம்மா அக்கா பார்த்துக்கொள்வார். தாய் வரும்வரை போத்தலில் பால்மா கரைத்துக் கொடுப்பார். மருத்துவமாது றம்லத் மிஸ் கண்டிப்பானவர். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைக்கச் சொல்லுவார். பாலம்மா அக்கா ஒன்றுக்கு இரண்டு தரம் கொதிக்க வைப்பார். கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். நான் அந்த வழியாகப் போகும்போது தண்ணீர் கேத்திலில் கொதிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அங்கே விட்டிருந்த பிள்ளைகளில், கொழுந்து பறிக்கிற சுகிர்தாவின் பெண் குழந்தைக்கு உதடும் நகமும் நீலம் பூத்தது. இருதயத்தில் ஓட்டை என்று யாரோ சொன்னார்கள். கண்டிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் சாவீட்டுக்குப் போனேன். சுகிர்தாவின் புருஷன் ஜீவன் எங்களிடம் போத்தல் அடுக்குகிற பையன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி வசதி செஞ்சு குடுத்தீங்க அண்ணே, அதக் குடிச்சு வளரக் குடுத்து வைக்கலியே" என்றான். எனக்கு மனது கஷ்டமாகத்தான் இருந்தது. அவனுக்கு ஒரு கிழமை லீவு வாங்கிக் கொடுத்தேன்.

அந்த நேரம் என் அக்கா மகள் நிஷாந்தினி பிள்ளை பெற்று வந்திருந்தாள். அக்கா உயிரோடு இல்லை, நான்தான் அவளுக்கு எல்லாம். அவள் வேலைக்குத் திரும்பிய அன்று, நல்ல குழாயில் ஒரு கேன் தண்ணீர் பிடித்துப் பிள்ளைக்காம்பராவில் வைத்தேன். இவள் பிள்ளைக்கு இதில்தான் பால் கரைக்க வேண்டும், வேறு யாருக்கும் எடுக்கக் கூடாது என்று பாலம்மா அக்காவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். தினமும் காலையில் நிரப்பி வைத்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. காய்ச்சலோடு போன நாளும் உண்டு. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

பிறகு இராமையா அண்ணனின் பேரன். அதே நீலம். பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தபோது அது சொக்லேட் நிறத்தில் வந்ததாம். ஒரு டொக்டருக்குத் தண்ணீர் மேல் சந்தேகம் தட்டியது. அவர் மருந்து எழுதுவதற்குள் பிள்ளை போய்விட்டது.

றம்லத் மிஸ் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார். நான் அப்போதுதான் கேனை இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நிஷாந்தினியின் மகன் தொட்டிலில் கொழுகொழுவென்று கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தான். மிஸ் அவனைப் பார்த்தார். கேனைப் பார்த்தார்.

"பாலம்மாக்கா, இந்தப் புள்ளைக்கு மட்டும் வேற தண்ணியா?"

"ஆமாங்க மிஸ். மாமன்காரரு கொண்டாந்து தர்றாரு. வேற யாருக்கும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

மிஸ் என் பக்கம் திரும்பினார். "சின்னமுத்து அண்ணன், அந்த பீலித் தண்ணியில என்ன ஈக்கிது? ஒங்களுக்குத் தெரியும் தானே?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெம்பில்லை. கேனைத் தூக்கித் தூக்கித் தோள் வலி எடுத்திருந்தது. தெரியும் என்றேன். எப்போதிருந்து என்று கேட்டார். மாலை போட்ட நாளிலிருந்து என்றேன். இதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன். எந்தக் குழாய் பீலிக்குப் போகிறது, அது பச்சைப் பிள்ளையை என்ன செய்யும், இரண்டும் தெரிந்துதான் விட்டேன். சுகிர்தாவின் பிள்ளை செத்த பிறகும் மூடவில்லை. மூடினால் ஏன் என்று கேட்பார்கள்.

என் பியரில் இருந்து ஒருவருக்கும் ஒரு தலைவலி வந்ததில்லை, ஐயா. அதையும் எங்காவது எழுதிக்கொள்ளுங்கள். குளிரறையில் ஈஸ்ட் இருக்கிறது. யாராவது பார்க்காவிட்டால் செத்துவிடும்.

நீங்கள் என்னைப் பொலிசுக்குக் கூட்டிவர முன்னம் நிஷாந்தினி கேட்டுக்கு வந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் வெறும் கேன். அதை என் காலடியில் வைத்தாள். அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"மாமா, மத்தப் பிள்ளைங்களுக்கும் கொண்டாந்திருக்கலாந்தானே? அங்க ஆறு தொட்டில்தான மாமா கட்டியிருக்கு."

எனக்குப் பின்னால் தாங்கிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. நல்ல குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

என்னிடம் ஒரு கேன்தான் இருந்தது என்று சொன்னேன். அது பொய் இல்லை, ஐயா. வேண்டுமானால் வீட்டைச் சோதித்துப் பாருங்கள், ஒரே ஒரு கேன்தான் இருக்கும்.